நோய் ஒழிந்தது, பேரேட்டை மூடாதீர்!



2023 அக்டோபரில் ஒரு நற்செய்தி வந்தது. காலா-அசார் என்னும் கருங்காய்ச்சலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடு வங்காளதேசம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மண்ணீரலை வீங்க வைத்து, இரத்தத்தை வற்றச் செய்து, மருந்தில்லாவிட்டால் ஆளையே கொல்லும் நோய் அது. மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையிலும் வாழும் மணல் ஈ அதைப் பரப்புகிறது. அதாவது ஏழையைத் தேடிப் பிடிக்கும் நோய். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நம் போன்ற கூலிமக்களை வாரிக்கொண்டு போனதும் இதுவே. வங்காளதேசத்தை மனமார வாழ்த்துகிறோம்!

ஆனால் ‘ஒழிப்பு’ என்ற சொல்லைக் கிராணியின் கண்கொண்டு பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக நோய் கண்டால் ஒழிப்பாம்! பூஜ்யமல்ல. அதைவிடப் பெரிய சங்கதி, குணமானார் என்று பெயர் அடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, முகத்திலும் உடம்பிலும் வெளிறிய தேமலும் கட்டியும் தோன்றுகின்றன. காய்ச்சலில்லை, வலியில்லை, வேலைக்குப் போகிறான். கிருமியோ தோலுக்குள் இருக்கிறது. அவனைக் கடித்த ஈ அதை அடுத்தவனுக்குக் கொண்டு போகிறது. 1922-லேயே கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி இந்தத் தோல்நோயைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்.

அசட்டையின் பலனைப் பீகார் கண்டது. 1950களில் மலேரியாவுக்கு அடித்த டி.டி.டி. மருந்தால் அங்கே கருங்காய்ச்சலும் அடங்கியது. தெளிப்பு நின்றது, 1970களில் நோய் மீண்டும் பற்றி எரிந்தது.

“நோயே இல்லை, பழைய நோயாளிக்குப் பணம் எதற்கு?” என்று கேட்கும் கனவான்களை நாம் அறிவோம். பெரட்டுக்கு வராதவனுக்குப் பசியே இல்லை என்பது அவர்கள் கணக்கு. தேமலுக்கு மருந்து 12 வாரம் வரை நீளும். நோகாத தேமலுக்காக நாட்கூலியை விட்டு ஆஸ்பத்திரி வாசலில் எவன் நிற்பான்? அவனாக வரட்டும் என்று காத்திருப்பது கண்காணிப்பா? கைகழுவல்! ஆண்டுதோறும் ஆஸ்பத்திரி ஆள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். இழந்த கூலியும் கொடுக்க வேண்டும்.

நமக்கெதற்கு இது என்கிறீர்களா? வங்காளதேசத் தோழர்கள் மலேசியத் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்கிறார்கள். ஒருவர் முகத்தில் தேமல் கண்டால் குஷ்டம் என்று ஒதுங்காதீர்கள்; மருத்துவர்களே சில வேளை அப்படி மயங்குகிறார்கள். கருங்காய்ச்சல் தேமல் தொட்டால் ஒட்டாது. மருத்துவச் சோதனையில் தேறாதவரை ஊருக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு இருக்கும்வரை, அவர் அதை மறைக்கத்தான் செய்வார். சிகிச்சை முடியும்வரை வேலை போகாது என்று நிர்வாகமும், பெர்மிட் ரத்தாகாது என்று அரசாங்கமும் எழுத்தில் தர வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இக்கோரிக்கையும் மேசைக்கு வரட்டும்.