முற்றத்தில் சிமெண்டா, புல்லா?

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போறேன்னு கேட்ட நண்பர்களிடம் "புல்தரை பற்றி" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாட்டுல எழுத வேற விஷயமே இல்லையாடா? வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கு, காதல் இருக்கு, நீ போய் புல்லைப் புடிச்சியே!" என்றான் ஒருவன். சிரித்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இது நாளைக்கு நீங்களும் நானும் வரையப் போகிற வீடுகளைப் பற்றியது.

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். மதில் சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு கைப்பிடி மண் தெரியாது. எல்லாம் சிமெண்ட் தரை, இல்லாவிட்டால் பேவர் பிளாக். கேட்டால், "புல்லு வெச்சுப் பாத்தோம்பா, பழுத்துப் பழுத்து செத்துப் போச்சு" என்பார்கள். என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்: செத்தது புல்லின் குற்றமல்ல, வளர்த்தவர் குற்றம். அதற்குத் தண்டனையாக மண்ணை மூடுவது அதைவிடப் பெரிய குற்றம்!

இதை எனக்குச் சொல்லித் தந்தது பாடப் புத்தகம் அல்ல. என் அப்பா தோட்டக்காரர். மூன்று வருடமாக உங்களோடு படிக்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் அப்பா வேலை செய்யும் ஒரு வீட்டில், புல்தரை வட்டம் வட்டமாகப் பழுப்பேறியது. வீட்டுக்காரர் அப்பாவிடம், "உன் பையன் சிவில் படிக்கிறான்ல, பேவர் பிளாக் போட எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுத் தரச் சொல்லுப்பா" என்றார். என் வாழ்க்கையின் முதல் எஸ்டிமேட்! ராத்திரி உட்கார்ந்து ஜல்லி, மணல், கூலி என்று எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மழைத் தண்ணி எங்க போகும் தம்பி? அதையும் இதுல எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. இப்போது கணக்குப் போடுவோம். 20 அடிக்கு 20 அடி முற்றம் என்றால் சுமார் 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஐப்பசி மழை ஒரு நாளில் 50 மி.மீ. கொட்டினால் 1,850 லிட்டர்! சிமெண்ட் போட்டால் அத்தனையும் தெருவுக்கு. கல்லின் இடுக்கில் தண்ணி இறங்குமே என்பீர்கள். அடியில் கான்கிரீட் படுகை போட்டுவிட்டால் எங்கே இறங்கும்? 2015 டிசம்பரில் இதே ஊர் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் இதே ஊருக்கு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் மாநிலம் முழுக்கக் கட்டாயம். மாடித் தண்ணீருக்குக் குழாய் வைக்கிறோம்; முற்றத்துத் தண்ணீரை விரட்டி விடுகிறோம். இது என்ன நியாயம்?

சரி, புல் ஏன் சாகிறது? மறுநாள் அப்பாவோடு போய்த் தோண்டிப் பார்த்தேன். நாலு அங்குலத்துக்குக் கீழே செங்கல் துண்டும் காய்ந்த கலவையும்! வீடு கட்டியவர்கள் குப்பையைப் போட்டு மேலே செம்மண்ணைத் தூவி விட்டார்கள். அதாவது நம்ம சிவில்காரர்கள் வேலைதான். தண்ணீர் வடிய வழியில்லை, வேருக்கு மூச்சில்லை. இதில் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் குழாயைத் திறந்து விடுவாராம். நம்ம கடலோரக் காற்றிலேயே ஈரம் அதிகம். சாயங்காலம் நனைந்த புல் விடிய விடியக் காயாது. பூஞ்சைக்கு அதுதான் விருந்து. தாகத்தால் சாகிற புல்லைவிட, இங்கே தண்ணீர் மிஞ்சிச் சாகிற புல்தான் அதிகம் என்பார் அப்பா.

அவர் முறை இதுதான். ஓரடி தோண்டி இடிபாட்டை எடுக்கணும். மண்ணோடு மணலும் மக்கிய தொழு உரமும் கலக்கணும். வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 100 அடிக்கு ஓரடி, இரண்டடி சரிவு இருக்கணும் (நாம் லெவலிங் கருவியில் படித்ததை அவர் ஒரு ரசமட்டக் குழாயில் முடித்து விடுகிறார்!). வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல் போதும். கொரியன் புல் மெத்தை மாதிரி அழகுதான், மெதுவாகத்தான் பரவும். மாமரத்து நிழலில் இரண்டும் தேறாது. அங்கே அடம் பிடிக்கக் கூடாது. தண்ணீர் காலையில்தான், தினமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக. மழை பெய்த வாரம் ஒரு சொட்டும் வேண்டாம். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டைக் கத்தியில் வெட்டினால் நுனி கிழிந்து வெளுக்கும், நோய் புகும். மழைக்காலத்தில் பச்சையாகட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் நோயை விலை கொடுத்து வாங்குகிறோம். கோரையை இலையைப் பிடித்து இழுத்தால் போதாது, மண்ணுக்குள் இருக்கிற கிழங்கோடு எடுக்கணும்.

ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. ஊரே குடத்தோடு நிற்கும்போது புல்லுக்குத் தண்ணீரா? அந்த 20 அடி முற்றத்துக்கு கோடையில் வாரம் ஓர் அங்குலம் என்றால் சுமார் 930 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 62 குடம். எங்கள் அம்மா குடம் தூக்கி வந்தவர், அதனால் இந்தக் கணக்கு எனக்கு உறைக்கும். ஆகவே சொல்கிறேன்: ஏக்கர் கணக்கில் ஆடம்பரப் புல்வெளி வேண்டாம். வீட்டளவுக்குச் சின்னதாகப் போதும். பஞ்ச காலத்தில் தண்ணீரை நிறுத்தி விடுங்கள். அருகம்புல் காய்ந்து கிடக்கும். முதல் நல்ல மழைக்கு மறுபடியும் துளிர்க்கும். சிமெண்ட் துளிர்க்குமா?

வீட்டுக்காரரிடம் எஸ்டிமேட்டைக் கொடுத்தேன். மழைத் தண்ணீர் கணக்கையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல், மிச்சத்துக்கு மண்ணைச் சீர் செய்து புல் என்று முடிவானது. மழைக்கு முன் நட்டோம். பொங்கலுக்குள் தரை மூடிவிட்டது. அந்த மழையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கவில்லை, அப்பா வேலையும் போகவில்லை.

தோழர்களே! எங்கள் வீட்டில் டிப்ளமோ படிக்கிற முதல் ஆள் நான். ஆனால் மண்ணைப் படித்த முதல் ஆள் நானில்லை. நாளை நாம் ஒரு முற்றத்துக்கு வரைபடம் போடும்போது, அங்கே மண்வெட்டியோடு நிற்பவரை ஒரு வார்த்தை கேட்போம். மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மண்ணை மூடாமல் கட்டுவோம்!