கோப்பை வேண்டாம், கிரவுண்டைக் கொடு!



பொங்கலுக்கு ஒரு கிரிக்கெட் போட்டி. தேர்தல் வந்தால் இன்னொன்று. மேடை, ஒலிபெருக்கி, தலைவர் படம் போட்ட டீசேர்ட், இடுப்பளவு உயரத்தில் ஒரு கோப்பை. முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகள் வேலியோரம் குந்தியிருந்து அடுத்தவர் ஆடுவதைப் பார்க்கிறார்கள். பெண் பிள்ளைகள் மாலை கட்டுகிறார்கள். மறுநாள் அதே கிரவுண்டில் மாடு மேய்கிறது. இதற்குப் பெயர் இளைஞர் மேம்பாடாம்!

மலையகப் பிள்ளைக்கு என்ன மனக்காயம், யுத்தம் வடக்கில்தானே நடந்தது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன நம் சனமும் அந்த யுத்தத்துக்குள் அகப்பட்டது. அதை ஒரு பக்கம் வைப்போம். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தால் லயம் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. இன்றும் தகரத்தில் மழை பலமாக அடித்தால் பாடத்தை விட்டுவிட்டு மலையைப் பார்க்கும் பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் காண்கிறோம். குடித்துவிட்டு வருகிறவரின் காலடிச் சத்தத்துக்கு விறைக்கும் பிள்ளை, வெளிநாடு போன தாயின் போனுக்குக் காத்திருக்கும் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

ஆவணியில் செல்வச்சந்நிதித் திருவிழாவுக்குத் தொண்டைமானாறு போன நாங்கள், மடத்தில் சோறு உண்டபின் அங்குள்ள ஆசிரியர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு மேற்கே வளலாய், பலாலிப் பக்கமெல்லாம் 1990இல் சனம் வெளியேற்றப்பட்ட மண். வளலாயில் ஒரு பகுதி 2015இல்தான் திரும்பக் கிடைத்தது. 2004 டிசெம்பரில் வடமராட்சிக் கரையைக் கடல் அடித்தது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள், வைத்தியர் கைக்கு எட்டாத பிள்ளையிடம் ஆசிரியராவது போகட்டும் என்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். 'மனவடு' என்ற சொல்லையும் ஊருக்குள் பரப்பினார்கள்.

அங்கே நாங்கள் கேட்டது நம்முடைய போட்டிக்கு நேர் எதிர். ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே பயிற்றுநர். ஏமாந்து பழகிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது, சொன்னபடி ஒருவர் வந்து நிற்பதுதான். காதுக்குள் விசில் ஊதாதே. தோளைத் தொடுமுன் கேள். இன்று ஓட மனமில்லை என்கிற பிள்ளையை வீட்டுக்குத் துரத்தாதே, கோட்டோரம் இருத்திப் புள்ளி எழுத வை. ஓட்டமும் மூச்சும் பயத்தில் இறுகிய உடம்பைத் தளர்த்தும், ஆனால் நம்பக்கூடிய ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தால் தீராததை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவும் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூட்டை நிறையப் பந்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் ஆகாது.

நம் கிரவுண்டில் என்ன நடக்கிறது? கேட்சை விட்டவனுக்குத் தாயைச் சொல்லி வசவு, முதுகில் ஒரு அறை. பாடசாலையில் அடிக்கக்கூடாது என்றது கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை. கிரவுண்டுக்கு வந்ததும் பிள்ளையின் முதுகு வேறு முதுகாகிவிடுமா?

"சம்பளத்துக்கே நாக்குத் தள்ளுது, இதில விளையாட்டா?" என்று நம் கமிட்டிகளிலேயே கேட்கிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சம்பளத்தை யாருக்காகக் கேட்கிறோம்? சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் பையனும், பதினைந்து வயதில் போத்தலைத் தொடுகிறவனும் சந்தா கட்டும் நம் அங்கத்தவரின் பிள்ளைகளே. கிரவுண்டும் நிர்வாகத்தின் கையில் உள்ள காணிதான். அதைக் கேட்பதும் தொழிற்சங்க வேலையே.

ஆகவே கோரிக்கைப் பட்டியலில் இதையும் எழுதுவோம். கிரவுண்டில் கன்று நடக்கூடாது, லொறி நிறுத்தக்கூடாது. கிழமையில் இரண்டு மாலை பிள்ளைகளுக்கு, அதில் ஒன்று பெண் பிள்ளைகளுக்கே. பயிற்சி பெற்ற இரண்டு பயிற்றுநர், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், இருவருக்கும் மாதப் படி. தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுத்து, தலைவர், மாதர் தலைவி இருவரின் கையெழுத்தோடு மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த போட்டிக்குக் கோப்பை தர வருகிற பெரியவரிடம், அந்தக் காசில் பயிற்றுநருக்கு எத்தனை மாதப் படி கொடுக்கலாம் என்று மேடையிலேயே கேளுங்கள்.