125 வருஷம் தாண்டியும் காருக்கு 'நோ என்ட்ரி'... மேக்கினா தீவில் இப்போ இ-பைக்கால் ஏன் சிக்கல்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரான் ஏரிக்குள் இருக்கும் குட்டித் தீவு மேக்கினா. சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் வெறும் 583 பேர். ஆனால் கோடை சீசனில் படகு படகாக வந்து குவியும் டூரிஸ்ட்டுகளின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் போகும்.

இவ்வளவு கூட்டம் வரும் இடத்தில் ஒரு காரைக்கூட பார்க்க முடியாது. சைக்கிள், குதிரை வண்டி, இல்லைன்னா நடை. 1898 முதல் இதுதான் நிலைமை. கார் கம்பெனிகளின் தலைநகரமான டெட்ராய்ட் இருக்கும் அதே மாநிலத்தில் இப்படி ஒரு தீவு என்பதுதான் வேடிக்கை.

அந்தப் பழைய விதிக்கு இப்போது சவாலாக வந்து நிற்பது கார் அல்ல, சத்தமே போடாத எலெக்ட்ரிக் சைக்கிள்.

தடை வந்தது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீவுக்குள் ஒன்றிரண்டு மோட்டார் வண்டிகள் எட்டிப் பார்த்தன. அந்தச் சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் பிழைத்த குதிரை வண்டிக்காரர்கள் புகார் செய்ய, 1898ல் ஊர் கவுன்சில் தடை போட்டது. சில வருடங்களில் தீவின் பூங்கா நிர்வாகமும் அதே முடிவை எடுத்தது. தீவில் சுமார் 80 சதவீதம் மாநிலப் பூங்கா என்பதால் தடை முழுமையானது.

ஆக, இது சுற்றுச்சூழலுக்காக யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம் இல்லை. குதிரைக்காரர்களின் பிழைப்புக்காகப் போட்டது. அமைதி என்பது கூடவே கிடைத்த போனஸ். இன்றைக்கு அந்த போனஸை நம்பித்தான் தீவின் மொத்த வருமானமும் ஓடுகிறது.

சைக்கிளில் போனால் எப்படி இருக்கும்?

படகை விட்டு இறங்கியதும் மெயின் ஸ்ட்ரீட். ஜூலை மாதம் நடுப்பகலில் போனால் அமைதியாவது ஒன்றாவது என்றுதான் தோன்றும். வாடகை சைக்கிள்கள், குதிரைச் சாணம், ஃபட்ஜ் என்ற இனிப்பு விற்கும் கடைகள், எங்கே பார்த்தாலும் கூட்டம். ஃபட்ஜ் வாங்கவே வருகிறார்கள் என்று டூரிஸ்ட்டுகளுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயரே 'ஃபட்ஜீஸ்'.

ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் மிதித்தால் காட்சி மாறிவிடும். தீவைச் சுற்றி ஓடும் எம்-185 சாலை சுமார் 13 கிலோமீட்டர் நீளம். மாநில நெடுஞ்சாலை என்ற பெயர் உண்டு, மோட்டார் வாகனம் மட்டும் கிடையாது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி ஏரித் தண்ணீர், மறுபக்கம் சுண்ணாம்புப் பாறையும் காடும். ஆர்ச் ராக் என்ற இயற்கைப் பாறை வளைவை அண்ணாந்து பார்க்கலாம். தீவின் மறுபக்கத்தில் பிரிட்டிஷ் லேண்டிங் வரும். 1812 போரில் ஆங்கிலேயப் படை ஓசையில்லாமல் கரையிறங்கி, மேட்டில் இருந்த கோட்டையைப் பிடித்தது இந்த வழியாகத்தான்.

சாலை கிட்டத்தட்ட சமதளம். குழந்தைகளோடு நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். தீவின் உட்பகுதிதான் மேடு. அங்கே போனால் தொடை வலிக்கும். இ-பைக் பிரச்னையின் ஆரம்பமே அந்த மேடுதான்.

இ-பைக்கை விட்டால் என்ன தப்பு?

நியாயமான கேள்விதான். புகை இல்லை, சத்தம் இல்லை. அமெரிக்காவில் இ-பைக்கை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் மிதித்தால்தான் மோட்டார் உதவும், மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வரை. இரண்டாவதும் அதே வேகம்தான், ஆனால் மிதிக்காமலே ஆக்ஸிலேட்டரில் ஓடும். மூன்றாவது வகை சுமார் 45 கிலோமீட்டர் வேகம் வரை போகும்.

மேக்கினாவில் இரண்டாவது, மூன்றாவது வகைக்கு இடமே இல்லை. முதல் வகைக்கும், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. அதற்கும் பெர்மிட் வாங்க வேண்டும்.

காரணம் வேகம். சாதாரண டூரிஸ்ட் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொடுவதே பெரிய விஷயம். அதே ரோட்டில் டன் கணக்கில் சரக்கு இழுத்துக்கொண்டு குதிரைகள் வருகின்றன. கோடையில் தீவில் சுமார் 500 குதிரைகள் இருக்கும். ஆன்லைனில் ஆர்டர் போட்ட பார்சல், ஹோட்டலுக்கு வரும் காய்கறி, ஊர்க் குப்பை எல்லாமே குதிரை வண்டியில்தான். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வேகமாக வரும் ஒரு வண்டி, சத்தத்தோடு வரும் வண்டியைவிடக்கூட ஆபத்தாகலாம். குதிரைக்கு முன்னறிவிப்பே கிடைக்காது.

இன்னொரு பக்கம், முழங்கால் வலியோடு வரும் 65 வயதுக்காரர் குறைபாடு உள்ளவர் என்ற கணக்கில் வரமாட்டார். சுற்றுச்சாலையைச் சமாளித்துவிடுவார். மேட்டுப் பகுதிக்கு அவர் காசு கொடுத்துக் குதிரை வண்டிதான் ஏற வேண்டும். தடையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், 1898ல் புகார் கொடுத்த அதே தொழில்தான் வந்து நிற்கிறது. அதற்காகத் தடையே தப்பு என்று சொல்லிவிட முடியாது. மாற்றுத்திறனாளிக்கு வழிவிட்டு, சும்மா ஜாலிக்கு ஓட்டுபவரைத் தடுப்பது சரியான கோடுதான். ஆனால் அந்தக் கோட்டை யாருக்காகப் போடுகிறோம் என்பதை மறைக்கத் தேவையில்லை.

விதிவிலக்கே கிடையாதா?

உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, போலீஸ் வாகனம் இருக்கின்றன. குளிர்காலத்தில் பெரும்பாலான குதிரைகள் கரைக்குப் போய்விடும், ஸ்னோமொபைல்கள் ஓடத் தொடங்கும். ஏரி நன்றாக உறைந்தால், பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாக நட்டு அடையாளம் வைத்து, பனிக்கட்டி மேலேயே எதிர்க்கரையில் உள்ள செயின்ட் இக்னேஸ் ஊருக்கு ஓட்டிப் போவார்கள். அப்போது இன்ஜின் சத்தம் யாருக்கும் பிரச்னை இல்லை. மிரள குதிரையும் இல்லை, ரசிக்க டூரிஸ்ட்டும் இல்லை.

சர்ச்சையானது 2019 செப்டம்பரில். அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸ் எட்டு வாகனங்கள் அணிவகுக்க தீவுக்குள் போனார். பாதுகாப்பு என்று காரணம் சொன்னாலும் பலருக்குக் கோபம். 1975ல் அதிபராகவே வந்த ஜெரால்ட் ஃபோர்டு குதிரை வண்டியில் போனாரே என்று பழைய கதையை எடுத்துப் போட்டார்கள்.

இந்தியாவிலும் இதே கேள்வி

மும்பைக்கு அருகே உள்ள மாத்தேரான் மலை ஊரிலும் மோட்டார் வாகனங்களுக்குத் தடை உண்டு. அங்கே மனிதர்களே இழுக்கும் கை ரிக்‌ஷாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது மனித கண்ணியத்துக்கு எதிரானது என்று கண்டித்த உச்ச நீதிமன்றம், 2025 ஆகஸ்ட்டில், ஆறு மாதத்துக்குள் அதை நிறுத்தி இ-ரிக்‌ஷாவுக்கு மாறச் சொன்னது. அங்கே பேட்டரி ஒரு மனிதனின் முதுகைக் காப்பாற்றுகிறது. மேக்கினாவில் டூரிஸ்ட்டின் தொடை வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மேக்கினாவுக்கு இனி வரும் சிக்கல் வேறு மாதிரி. பேட்டரிகள் வருடா வருடம் சின்னதாகிக்கொண்டே போகின்றன. சைக்கிளின் ஃபிரேமுக்குள்ளேயே அடங்கிவிடும் மாடல்கள் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டன. படகிலிருந்து இறங்கும் நூறு சைக்கிள்களில் எது இ-பைக் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது இன்னும் கஷ்டமாகப் போகிறது. 1898ல் அந்த வேலையை குதிரையின் காதே செய்தது.