பெயர் எழுதாத மிருதங்கம்

பேஸ் கிதார் வாசிக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால் சங்கீதத்தைப் பற்றிய பேச்சு தொடங்கச் சற்று நேரமாகும். முதலில் வாத்தியம்தான். எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து மாடல், கழுத்துக்கு என்ன மரம், கம்பிகளை எப்போது மாற்றியது என்று விசாரணை நடக்கும். பிறகு மேல்பூச்சு. நடுவில் மஞ்சளாக ஆரம்பித்து ஓரத்தில் கருமையாக முடியும் 'சன்பர்ஸ்ட்' உசத்தியா, ஒரே நிறம் உசத்தியா, பூச்சு கனத்துப்போனால் நாதம் அடைபடுமா என்பதெல்லாம் மணிக்கணக்கில் விவாதிக்கக்கூடிய விஷயங்கள். மேடையில் எந்த ஆம்ப்ளிஃபயர் கைவிட்டது, எந்த அரங்கில் கீழ்ச்சுரம் குழம்பிப்போயிற்று என்பது அடுத்த அத்தியாயம்.

கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இது சாமான் பித்தாகத் தோன்றலாம். அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது. பாட்டில் பேஸ் தனியாகக் காதில் விழுவது அபூர்வம். அது நின்றுபோனால்தான் பாட்டு காலில்லாமல் தொங்குவது தெரியும். கவனிக்கப்படாத ஒலியை உண்டாக்குகிறவர்கள் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று துருவித் துருவிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தமது மின் பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1951-ல். ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. பத்து வருஷங்களுக்குப் பிறகு மோடவுன் கம்பெனியின் எண்ணற்ற பாட்டுகளில் அந்த வகை கிதாரை வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். உலகமே அந்த வாசிப்பைக் கேட்டது. வாசித்தவர் யார் என்று தெரியாது. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டின் உறையில்தான் அவர் பெயர் முறையாக அச்சேறியது. ஆனால் அவர் கையிலிருந்த கிதாரின் தலையில் ஃபெண்டர் என்ற பெயர் முதல் நாளிலிருந்தே இருந்தது. செய்தவருக்குப் பெயர் உண்டு, வாசித்தவருக்கு இல்லை.

நம் கச்சேரி மேடையில் இது தலைகீழ்.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பேஸ் கிதார் கிடையாது. அந்த இடத்தை நிரப்புவது மிருதங்கத்தின் இடப்பக்கம். அதற்குத் தொப்பி என்று பெயர். வலந்தலை சொல்லைத் தெளிவாகச் சொல்லும். தொப்பி அதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே நின்று தாங்கும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி, தொப்பியின் தனிச் சொத்து. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியைப் பற்றி ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர் இடதுகைக்காரர். மேடையில் அவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்பதே அந்தக் காலத்தில் தகராறாக இருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் பாலக்காட்டுச் சீமையின் செம்பை வைத்தியநாத பாகவதர்.

மிருதங்க வித்வான்கள் கூடினாலும் பேச்சு முதலில் வாத்தியத்தில்தான் இறங்கும். குச்சி மிருதங்கமா, கப்பி மிருதங்கமா? வலந்தலைத் தோல்களுக்கு இடையே சிறு குச்சிகளைச் செருகினால் ஒரு வகை நாதம், கல்துகளைப் போட்டால் இன்னொரு வகை. ஆண் குரலுக்கு 24 அங்குலத் தக்கு, பெண் குரலுக்கு 22 அங்குல ஹெச்சு. கட்டை பலா மரம். பண்ருட்டிப் பலாவுக்கு மவுசு அதிகம். வாசிக்கும் முன் தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும். கூடினால் நாதம் மந்தமாகும், குறைந்தால் சுருதி ஏறிவிடும். ஏர்கண்டிஷன் செய்த அரங்கில் அந்த ரவை காய்வதும் சுருதி நழுவுவதும் தனிக் கதை. பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்றே முடிவு செய்திருந்தார். மைக்கில் வரும் தொப்பி வேறு, தோலிலிருந்து நேராக வரும் தொப்பி வேறு என்பது அதை வாசித்தவருக்குத் தெரியாதா?

இத்தனையும் பேசுவார்கள். மிருதங்கத்தைத் திருப்பிப் பாருங்கள், செய்தவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது.

அந்தப் பெயரைத் தேடிப் போக வேண்டிய ஊர்களில் ஒன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தை வாசகர்கள் அறிவார்கள். பிளாச்சிமடை அங்கேதான். 2000-ல் ஓடத் தொடங்கிய கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரைக் கெடுத்ததாகக் கிளம்பிய போராட்டத்தில் 2004-ல் நின்றது. மலையாளத்தோடு தமிழும் புழங்கும் இந்த எல்லைப் பகுதிக்கு அப்படி ஒரு கீர்த்தி. ஆனால் அங்கிருந்து அதிக தூரமில்லாத பெருவெம்பு கிராமத்தின் கீர்த்தி அதைவிடப் பழையது. மத்தளம், மிருதங்கம், செண்டை, திமிலை, இடக்கை என்று தோல் வாத்தியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்கள் அங்கே உண்டு. கடச்சிக் கொல்லர் என்று அவர்களைச் சொல்கிறார்கள்.

வேலை லேசானதல்ல. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். தோலைப் பார்த்து, தடவி, எது எந்தத் தட்டுக்கு ஆகும் என்று பிரிக்க வேண்டும். எருமைத் தோல் வாரை உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். வலந்தலையின் கருப்பு வட்டத்துக்குக் கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சு மேல் பூச்சாகத் தடவி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்து உலரவிட வேண்டும். கிதார்காரர்கள் விவாதிக்கும் மேல்பூச்சு பெரும்பாலும் கண்ணுக்கு. இந்தப் பூச்சு முழுக்க முழுக்கக் காதுக்கு.

அதை விஞ்ஞானமும் சொல்லிவிட்டது. சாதாரண முரசின் தோலிலிருந்து எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையாது, சத்தமாகவே கேட்கும். நடுவில் இந்தக் கருப்புச் சுமையை ஏற்றினால் அவை தந்தி வாத்தியத்தில் போல ஒழுங்கில் வந்து சேர்ந்து சுருதியாகின்றன. இதை 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி.வி. ராமன். நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்னால். ராமன் விளக்கியதை அதற்கு வெகு காலம் முன்பே கையால் செய்து முடித்திருந்தவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

சங்கப் பாடல்களில் முழவு வரும் இடங்களில் அதன் முகத்தில் பூசிய மண்ணும் வருகிறது. பூசிய கைக்குப் பெயர் வேண்டும் என்று புலவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பழக்கத்தை நாமும் விடவில்லை.

காரணம் மறதி மட்டும் என்று சொன்னால் அது மழுப்பல். தோலைத் தொடுகிறவர் யார் என்பது இங்கே வெறும் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல, ஜாதி சம்பந்தப்பட்ட கேள்வி. தமிழ்நாட்டில் மிருதங்கம் செய்பவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பெயர் பர்லாந்து. ஃபெர்னாண்டஸ் என்பது தமிழ் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் வந்தது. 'செபாஸ்டியன் குடும்பக் கலை' என்று தமிழிலும் வந்திருக்கிறது. அந்த ஆங்கில நூலின் வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அரங்கைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வெளியான பிறகு அந்த முடிவு வந்தது. விழா தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிஸத்தில் நடந்தது. பசுத்தோல் மேடையில் ஒலிக்கலாம், அதைப் பற்றிய பேச்சு மேடை ஏறக்கூடாது என்றால் என்ன அர்த்தம்?

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த நிலைமை புரியும். புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் அவர்கள் கை பட்டது; பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில். ஆனாலும் உள்பக்கம் என்று ஒன்றாவது இருக்கிறது.

பாலக்காடு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர், ஆளுக்கு அல்ல. நட்டும் போல்ட்டும் வாரின் இடத்துக்கு வந்துவிட்டன. தோலே இல்லாத செயற்கை மிருதங்கமும் வந்துவிட்டது. பெயரும் கிடைக்காமல், கூலியும் உயராமல், உடம்பையும் கெடுக்கும் தொழிலுக்குத் தன் பிள்ளையை அனுப்ப ஒரு தகப்பன் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல. எந்தத் தோல் எந்தக் குரலுக்குப் பொருந்தும் என்ற அறிவு அவர் விரலில் இருக்கிறது, ஏட்டில் இல்லை.

மாற்றுவது கடினமும் அல்ல. கடம் செய்யும் மானாமதுரை மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தபோது யாருடைய வித்வத்தும் குறைந்துவிடவில்லை. டிசம்பர் சீசனில் சபாக்கள் அச்சிடும் நிகழ்ச்சி நிரலில் பாட்டு, வயலின், மிருதங்கம், கடம் என்று நான்கு வரி இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கக் காகிதத்தில் இடம் இருக்கத்தான் செய்கிறது.