யானையை அவிழ்த்துவிட்டவன் எழுதுவது

ஆட்டத்தைக் கெடுக்கும் நண்பனை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துத் திருத்திவிடலாம் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரம் ஏற்று ஆடும் நம் சிறு கூட்டத்தில் வேதவாக்காகிவிட்டது. சென்ற மாதம் கோயம்புத்தூரில், புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "குழுவில் ஒருத்தர் எல்லாக் காட்சியையும் கெடுக்கிறார். என்ன செய்யலாம் அண்ணா?" நான் வாய் திறப்பதற்குள் உடனிருந்த மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அவன் கேரக்டரைக் கொன்னுடு."

இந்த அறிவுரை தவறானது. கோழைத்தனமானதும்கூட. அதை அப்படியே கடைப்பிடித்துத் தோழி ஒருத்தியை ஆட்டத்திலிருந்து விரட்டியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

இவ்வகை ஆட்டத்தை அறியாத நண்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆட்டம் நடத்துபவர் உலகத்தைச் சொல்வார். மழை, ஊர், பகைவன், சந்தைக்காரி எல்லாம் அவர் வாயிலிருந்தே வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்வார்கள். ஐயம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை முடிவு செய்யும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதன் மூதாதை.

வேலந்தாவளத்தில் எங்கள் குழு ஐந்து பேர். எல்லோரும் பள்ளித் தோழர்கள். ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மாடியில் கூடுவோம். விதிநூல் ஆங்கிலத்தில், பேச்சு தமிழில், சச்சரவு முற்றினால் மலையாளத்தில். கதையை எங்கள் மண்ணிலேயே நிறுத்தியிருந்தேன். முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணலுக்கு மிளகு கொண்டுசெல்லும் ஒரு வணிகச் சாத்து. ஊர்ப்பெயரிலேயே வழிப்போக்கர் தங்கும் தாவளத்தை வைத்துக்கொண்டு, ஐரோப்பியக் கோட்டைகளை ஏன் கடன் வாங்க வேண்டும் என்ற திமிர் எனக்கு.

தோழி உமணப் பெண்ணாக ஆடினாள். உப்பு வண்டி ஓட்டுபவள், பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. இன்னொரு நண்பன் சாத்தின் காவல்வீரன். கணவாயின் நடுவே ஒரு சுங்கச் சாவடி வைத்திருந்தேன். சுங்கம் கேட்கும் அதிகாரியிடம் உமணப் பெண் வாதாடத் தொடங்கினாள். நான்காவது வாக்கியத்தில் காவல்வீரன் அதிகாரியின் கையை வெட்டினான். அடுத்த வாரம் வேறொரு சாவடி, வேறொரு அதிகாரி; அவள் வாயெடுத்ததுமே அவன் பகடையை உருட்டிவிட்டான். அதற்கடுத்த வாரம் அவளுடைய உப்பு வண்டிக்கே தீ வைத்தான். கேட்டால் ஒரே பதில்: "என் கேரக்டர் அப்படித்தான்டா."

அவன் எந்த விதியையும் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பகடையில் பித்தலாட்டம் இல்லை, கணக்கில் பொய் இல்லை. ஹொய்சிங்கா 1938-இல் எழுதிய ஹோமோ லூடன்ஸ் நூலில், கள்ளாட்டம் ஆடுபவனையும் ஆட்டத்தையே கலைப்பவனையும் வேறு வேறாகப் பிரிக்கிறார். கள்ளன் ஆட்டத்தை நம்புவதாகவாவது நடிக்கிறான். கலைப்பவனுக்கு அந்த நடிப்பும் தேவைப்படுவதில்லை. விதிநூலைப் புரட்டிக் கலைப்பவனைப் பிடிக்க முடியாது. நானும் புரட்டிப் பார்த்தேன்.

பிறகு யானையை அவிழ்த்துவிட்டேன். காவல்வீரன் ஆற்றங்கரையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது, மதம் பிடித்த ஒற்றை யானை காட்டிலிருந்து வந்து அவனை மிதித்துக் கொன்றது. பகடை உருட்டவில்லை, தப்ப வழியும் தரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான். அடுத்த ஞாயிறு புதிய பாத்திரத்தோடு வந்தான்: செத்த காவல்வீரனின் தம்பி, அண்ணனைக் காக்கத் தவறிய சாத்தைப் பழிவாங்கப் புறப்பட்டவன். அன்று தோழி வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. பள்ளித் தேர்வுத்தாள் திருத்த இருக்கிறது என்றாள். அவள் ஆசிரியை, நான் நம்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கொழிஞ்சாம்பாறைப் பேருந்தில் பார்த்தபோது சொன்னாள்: "நீ அவங்கிட்டப் பேசுவேன்னு நெனச்சேன். நீ ஆனையத் தொறந்துவுட்டே."

இப்போது அறிவுரைக்கு வருகிறேன். இதன் மூலம் எது என்று தேடினால் பெரிய இடத்துக்கே போகிறது. கைகாக்ஸ் 1979-இல் ஆட்டம் நடத்துபவர்களுக்காக எழுதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நூலில், தொல்லை தரும் ஆட்டக்காரர்களைக் கையாள்வதற்கென்றே ஒரு பகுதி உண்டு. கெடுப்பவரை வெளியே போகச் சொல்லலாம் என்கிறார். அதற்கு முந்தைய படியாகச் சில தண்டனைகளையும் சொல்கிறார்: கூடுதலாக ஓர் அரக்கன், குற்றவாளியின் தலைமேல் வானிலிருந்து இறங்கும் நீல மின்னல், பாத்திரத்தின் வசீகர மதிப்பில் நிரந்தரமாக ஒரு புள்ளி குறைப்பு. பாதி வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்த வேடிக்கை நம்மிடம் சட்டமாகிவிட்டது. என் யானை அந்த மின்னலின் கொங்குநாட்டுப் பேத்தி.

மின்னல் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு மனிதரைவிடக் குரங்குகள் தெளிவான விடை தருகின்றன. கிரெகரி பேட்சன் 1952-இல் சான் பிரான்சிஸ்கோ விலங்குக்காட்சி சாலையில் இளங்குரங்குகள் பொய்ச்சண்டை போடுவதைப் பார்த்தார். அங்கிருந்து அவர் எழுப்பிய வாதம் 1955-இல் கட்டுரையாக வந்தது. விளையாடும் விலங்கு ஒவ்வோர் அசைவோடும் 'இது விளையாட்டு' என்ற செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது. அதனால்தான் செல்லக்கடி கடியைப் போலவே இருந்தும் பகையாகப் படிக்கப்படுவதில்லை. இதை எங்கள் மாடிக்குக் கொண்டு வாருங்கள். யானை விளையாட்டின் உள்ளிருந்து வந்தது. ஆகவே அதன்மேல் 'இது விளையாட்டு' என்ற முத்திரை ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தது. நான் கண்டனம் அனுப்பினேன் என்று நினைத்தேன். அவனுக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொரு காட்சி. அவன் சிரித்ததில் பிழையே இல்லை. செய்தியை அதன் முத்திரைப்படி சரியாகப் படித்தவன் அவன். தவறான உறையில் போட்டவன் நான்.

கேரி ஆலன் ஃபைன் என்ற சமூகவியலாளர், கோஃப்மனின் சட்டகக் கோட்பாட்டைக் கையிலெடுத்து, இத்தகைய ஆட்டக் குழுக்களைப் பற்றி 1983-இல் ஒரு நூலே எழுதினார். மேசையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் மூன்று நிலைகளில் இருக்கிறார்கள் என்பது அவர் காட்டியது: வீடும் வேலையும் உள்ள மனிதர், விதி தெரிந்த ஆட்டக்காரர், கதைக்குள் வாழும் பாத்திரம். எங்கள் மாடியில் குற்றம் நடந்தது மனித நிலையில். ஒரு மனிதன் ஒரு பெண்ணைப் பேசவிடவில்லை. உமணப் பெண்ணின் வண்டி எரிந்ததற்கு யாரும் அழவில்லை. வாரம் ஆறு நாள் பிள்ளைகளிடம் பேசிப் பேசி ஓய்ந்தவள், தனக்கென்று பேசக் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் வாயடைக்கப்பட்டாள், அதுதான் நடந்தது. தண்டனையை நான் கொடுத்தது பாத்திர நிலையில், இல்லாத காவல்வீரனுக்கு. பாதிக்கப்பட்டவள் அதைப் பார்த்தாள். தனக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று புரிந்துகொண்டாள்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்ற கேடயத்தையும் இங்கேயே உடைத்துவிட வேண்டும். பேசுபவர் என்று நாம் ஒருமையில் சொல்வதைக் கோஃப்மன் 1979-இல் மூன்றாகப் பிரித்தார்: சொல்லை ஒலிக்கும் வாய், சொல்லைத் தேர்ந்து கோத்தவர், சொல்லுக்குப் பொறுப்பேற்பவர். (நீல மின்னல் வெளிவந்த ஆண்டும் அதுவே. ஆட்டம் நடத்துபவர்கள் அந்த ஆண்டு வேறு நூலை வாங்கியிருக்கலாம்.) காவல்வீரன் வெறும் வாய். அவனை முன்கோபியாகப் படைத்தவன் மேசையில் இருக்கிறான். ஒவ்வொரு வாரமும் மறுபடி மறுபடி அப்படியே படைக்கிறான். பாத்திரத்தின் இயல்பு என்பது அதை எழுதியவனின் முடிவு. எழுதியவனிடம்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத ஞானமா? வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடுபவர்களைப் பாருங்கள். ஒருவன் தில்லுமுல்லு செய்தால் அவன் காயை யாரும் பழிவாங்கி வெட்டுவதில்லை. கட்டத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்கிறார்கள். அழுகுணி என்ற சொல் ஆளைப் பார்த்துச் சொல்வது; காய்க்கு அப்படியொரு பெயர் கிடையாது. சண்டித்தனம் செய்யும் சின்னத் தம்பியைச் சமாளிக்கவும் பிள்ளைகளிடம் ஒரு ஏற்பாடு உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. அவன் ஓடலாம், கத்தலாம். அவுட் இல்லை, கணக்கில் இல்லை. ஏற்பாடு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படுகிறது. எட்டு வயதில் இவ்வளவு நேர்மையாக ஒப்பந்தம் பேசியவர்கள், முப்பதை நெருங்கும்போது யானைக்குப் பின்னால் ஒளிகிறோம்.

பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் சோத்தியக்காரன் என்றொருவன் உண்டு. கேள்வி கேட்பதே அவன் தொழில். பாத்திரம் உள்ளே வரும்போது நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று மலையாளமும் தமிழும் கலந்து துருவுவான். பாத்திரத்தோடும் பேசுவான், பார்வையாளர் சார்பிலும் பேசுவான். ஆட்டம் நடத்துபவருக்கு இடி மின்னல் எறியும் தேவனைவிட இவன் நல்ல முன்மாதிரி என்பேன். முதல் சாவடியிலேயே நான் கதையை நிறுத்தி, கையை வெட்டியவனிடம் அவன் பெயர் சொல்லி, "உனக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். தொல்லை தருபவனை வெளியேற்றிவிடு, எதற்கு இத்தனை கோட்பாடு? பெருநகரத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடுபவர்களுக்கு அது எளிது. எங்கள் ஊரில் திங்கட்கிழமை காலை அதே தேநீர்க்கடையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியேற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தும் மாறாதவனிடம், "ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நீ வேண்டாம், சனிக்கிழமை படத்துக்குப் போகலாம்" என்று நேரே சொல்லிவிடலாம். ஆட்டத்தில் இடமில்லாதவனுக்கு நட்பில் இடம் இருக்கும். சொல்லாமலே அழைப்பை நிறுத்துவதுதான் அற்பம். நண்பன்தானே, பொறுத்துப் போ என்பவர்கள் இதைவிட மோசம். பொறுத்தது நீங்களா, உங்கள் தோழியா என்று எண்ணிப் பாருங்கள். விரும்பாத காட்சி வந்தால் தொட்டு நிறுத்த எக்ஸ் எழுதிய அட்டையை மேசையில் வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அட்டை நண்பனிடம் போய்ப் பேசாது.

பேருந்தில் தோழி சொன்னதைக் கேட்ட பிறகு அவனைத் தனியே பார்த்தேன். மற்றவர் முன்னால் கேட்டிருந்தால் அவன் நடித்திருப்பான். நான் யானையைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவள் ஏன் வரவில்லை என்பதை மட்டும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு நான் எதிர்பாராததைச் சொன்னான். அவன் சரக்கு லாரி ஓட்டுபவன். "வாரம் ஆறு நாள் செக்போஸ்ட்ல நிக்கறேன்டா. கையில பேப்பரப் புடிச்சுட்டு எவன் எவங்கிட்டயோ கெஞ்சறேன். ஏழாவது நாளும் நீ என்னையக் கொண்டுபோயிச் சாவடியில நிறுத்தினா?"

எல்லை ஊரில் பிறந்து, அவனுடைய தொழிலை நன்றாக அறிந்த நான், சுங்கச் சாவடியைச் சங்க கால அழகியலாகவே பார்த்திருந்தேன். மூன்று வாரம் அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை, நிற்பதைத் தவிர. இதை முதல் வாரமே கேட்டிருந்தால் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு காட்டுவழியை ஐந்து நிமிடத்தில் உண்டாக்கியிருப்பேன். இது அவள் வாயை அடைத்ததற்கு நியாயமாகாது. அதையும் அவனிடம் சொன்னேன். "செரி, நானே அவகிட்டச் சொல்றேன்" என்றான்.

சொன்னான். அவள் "பரவால்ல" என்றாளாம். ஆட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இப்போது நான்கு பேராக ஆடுகிறோம். கோயம்புத்தூர்த் தம்பியிடம் அன்று கூச்சலில் சொல்ல முடியாமல் போனது இதுதான்: யாருடைய பாத்திரத்தையும் கொல்வதற்கு முன்னால் அந்த நண்பருக்கு ஒருமுறை போன் செய்யுங்கள், அடுத்த ஆட்டம் வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.