டெஸ்டிங் ரெண்டாந்தர வேலையா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்துட்டா கேம்பஸ்ல ஒரு பேச்சு கட்டாயம் காதுல விழும்: "டெவலப்மென்ட்னா ஓகே மச்சி, டெஸ்டிங்னா யோசிக்கணும்." கோடு எழுதுறவர் மூளைக்காரர், அதைச் சோதிக்கிறவர் எடுபிடி என்று நாமே மேல் கீழ் பிரித்து வைத்திருக்கிறோம். இது எவ்வளவு தப்பு என்று புரிய வயர்கார்டு கதை ஒன்று போதும்.

வயர்கார்டு ஒரு விபிஎன். லினக்ஸ் கெர்னலுக்குள் அது ஒரு நெட்வொர்க் டிரைவராகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே தனியாக ஹார்டுவேர் எதுவும் கிடையாது, முழுக்க மென்பொருள். உள்ளே வரும் பாக்கெட்டை என்கிரிப்ட் செய்து யூடிபி வழியாக அனுப்பும், அவ்வளவுதான். சாதாரண ஆப்பில் தப்பு இருந்தால் அந்த ஆப் மட்டும் சாகும். கெர்னலில் தப்பு இருந்தால் மெஷினே படுத்துவிடும். இன்னும் மோசம், வெளியாள் உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும்.

2018 ஜூலை கடைசியில் லினக்ஸ் நெட்வொர்க்கிங் குழுவின் பார்வைக்கு வந்த இந்த கோடு, 2020 மார்ச்சில் வெளியான 5.6 கெர்னலில்தான் இடம்பிடித்தது. கிரிப்டோ பகுதியை எப்படி அமைப்பது என்ற வாக்குவாதம்தான் தாமதத்துக்குப் பெரிய காரணம். ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு: டிரைவரோடு சேர்ந்து அதன் டெஸ்ட் ஸ்கிரிப்டும் கெர்னலுக்குள் போனது.

அந்த ஸ்கிரிப்ட் செய்வது ரொம்ப அழகான வேலை. ஒரே கம்ப்யூட்டருக்குள் மூன்று நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களை உருவாக்குகிறது. அதாவது, ஒன்றையொன்று பார்க்க முடியாத மூன்று தனி நெட்வொர்க்குகள். இரண்டில் வயர்கார்டு முனைகள். என்கிரிப்ட் ஆன பாக்கெட்டுகள் மூன்றாவதன் வழியாகப் போய்வரும். பிறகு பிங், ஐபெர்ஃப், ஐபிவி4, ஐபிவி6, டிசிபி, யூடிபி, சின்ன எம்டியூ, பெரிய எம்டியூ என்று மாற்றி மாற்றி அடிக்கும். நடுவழியில் முகவரி மாறினால் இணைப்பு தாங்குமா என்றும் பார்க்கும். லேப் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், ஒரு லேப்டாப் போதும்.

இப்போ இன்னொரு பக்கம். ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்காக இதே வயர்கார்டை வேறொருவர் எழுதினார். 2020 நவம்பரில் அந்த கோடு உள்ளே போனது. 13.0 வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு, வயர்கார்டை உருவாக்கியவரே உட்கார்ந்து படித்தபோது தலையில் கை வைக்க வேண்டியதாயிற்று. ரேஸ் கண்டிஷனை மறைக்க ஸ்லீப், எதைக் கொடுத்தாலும் 'சரி' என்று சொல்லும் சரிபார்ப்பு ஃபங்ஷன்கள், பஃபர் ஓவர்ஃப்ளோ, கெர்னல் பேனிக். 2021 மார்ச்சில் மொத்தத்தையும் வெளியே எடுத்தார்கள். திருத்தி எழுதிய டிரைவர் 2023-ல் 13.2 வெளியீட்டில்தான் திரும்ப வந்தது.

அந்தப் பழைய கோடு ஓடவே இல்லையா? ஓடியது! டனல் எழும்பும், பிங் போகும். டெமோவுக்கு அது போதும், கெர்னலுக்குப் போதாது.

"அப்போ டெஸ்ட் பாஸ் ஆனா போதுமா?" என்று கேட்கலாம். போதாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் சரிபார்ப்பு ஃபங்ஷனை, சரியான உள்ளீடு மட்டும் கொடுக்கிற டெஸ்ட் ஒருநாளும் பிடிக்காது. அதைப் பிடிக்க 'இதை எப்படி உடைக்கலாம்?' என்று யோசிக்கிற மூளை வேண்டும். அதனால்தான் டெஸ்டிங்கை எடுபிடி வேலை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. லினக்ஸ் கெர்னலிலும் ஒரு மாற்றத்தைச் சோதித்துச் சொன்னவர் பெயரை 'டெஸ்டட் பை' என்று, எழுதியவர் பெயர் இருக்கும் அதே குறிப்பில் போடுகிறார்கள். அது நிரந்தரமாக வரலாற்றில் நிற்கும்.

நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவை நினைத்துப் பாருங்கள். பிபிடி, டெமோ, "ஓடுதா? சரி, அடுத்த டீம் வாங்க." எத்தனை பேரிடம் டெஸ்ட் ஸ்கிரிப்ட் கேட்கிறார்கள்? என் யோசனை எளிமையானது: நூறு மார்க்கில் இருபதை டெஸ்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு டீமின் புராஜெக்டை இன்னொரு டீம் உடைத்துப் பார்க்கட்டும். உடைத்தவர்களுக்கும் மார்க் கொடுங்கள். முதல் வருஷம் நிறைய டெமோ கவிழும். கவிழட்டும், ரிவ்யூ ஹாலில் கவிழ்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.