தொழுகையில் சிதறும் கவனம் ஈமானின் குறையா?



தரங்கம்பாடியில் கடலோசை கேட்டபடியே தொழுகிறோம். சற்று நேரத்தில் அவ்வோசை பெரும்பாலோர் செவிக்கு எட்டாமல் போகும். சிலரையோ ஒவ்வோர் ஓசையும் புதிதாக வந்து இழுக்கும். எத்தனையாவது ரக்அத் என்பதே மறந்துவிடும். ‘ஈமான் பலவீனம்’ என ஏசப்பட்டு, பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திய சகோதரர் ஒருவரை நான் அறிவேன்.

கவனம் சிதறுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால், ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு பெரியவர்களுக்கும் உண்டு. எதிர்பாராத ஓசைக்குப்பின் ஏறத்தாழ 0.3 நொடியில் மூளையில் எழும் மின்னலையை இ.இ.ஜி. கருவியால் அளக்கலாம். இக்குறைபாடு உடையோரிடம் அத்தகைய அலைகள் சராசரியாக வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அந்த அளவீடு மட்டுமே நோயை உறுதிசெய்யாது. சிறுவயது முதலான இயல்பையும் விசாரித்தே மருத்துவர் முடிவுசெய்வார்.

தொழுகையில் மறந்தவருக்கு மார்க்கம் தந்தது ஏச்சு அன்று, ஸஜ்தா ஸஹ்வு. நாம் மட்டும் ஏன் ஏசுகிறோம்? அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மருத்துவம் நாடுவது தவக்குலுக்கு முரணன்று.

அல்லாஹ் நம் நாவுகளைப் பேணுவானாக! ஆமீன்.